மாமா ஆற்றிய பீர்

போன மாதம் ஜொகூர் பாருவில், பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் என் வீட்டுக்கு மூன்று இளைஞர்கள் வந்தார்கள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பீர் ஆலையில் இப்போது வேலை பார்ப்பவர்கள். அங்கே புதிய இயந்திரம் வந்திருக்கிறதாம். ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குப் பீரை மாற்றும் முன் கரியமில வாயுவை உள்ளே விட்டுக் காற்றையெல்லாம் துரத்திவிடுகிறார்கள். மிச்சம் மீதி எவ்வளவு காற்று இருக்கிறது என்பதையும் ஒரு மீட்டர் காட்டிவிடுகிறது. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லி முடித்துவிட்டு அவர்களில் ஒருவன் கேட்டான்: "அங்கிள், இதெல்லாம் இல்லாம அந்தக் காலத்துல எப்படிலா செஞ்சீங்க?"

"மெதுவா செஞ்சோம்" என்றேன். சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. ஆலையில் எனக்குக் காற்றுக்காரர் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. தொட்டியில் பீர் இறங்கும்போது சளசளவென்று சத்தம் கேட்டால் போதும், நான் எங்கே இருந்தாலும் ஓடி வந்து கத்துவேன். மேலதிகாரியாக இருந்தாலும் விட்டதில்லை. அந்த இளைஞர்கள் அந்தக் கதையையும் கேள்விப்பட்டிருந்தார்கள். ஏன் அப்படி என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் பெக்கோக் வரை போக வேண்டும், ஜப்பான்காரன் காலத்துக்குப் போக வேண்டும். அதற்குள் மழை இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் வந்த பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். வாயால் சொல்ல முடியாமல் போனதை எழுதி வைக்கிறேன்.

பீர் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். தானியத்தைக் காய்ச்சி ஆறவைத்த சாற்றுக்குக் காற்று நல்லது. அதில் ஈஸ்ட் போடும் முன் நன்றாகக் காற்றுப் பட்டால்தான் அது பிழைத்துப் பெருகும். நொதித்து முடிந்து பீர் ஆகிவிட்ட பிறகு அதே காற்றுதான் அதற்கு எமன். உடனே கொன்றுவிடுகிற எமனும் இல்லை. அன்றைக்கும் மறுநாளும் பீர் நன்றாகவே இருக்கும். நுரை வரும், வாசம் வரும், குடிப்பவன் பாராட்டுவான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் கறுக்கும், நனைந்த அட்டைப்பெட்டியை வாயில் வைத்த மாதிரி ஒரு ருசி ஏறும். ஏறியதை இறக்க எந்த வித்தையும் கிடையாது.

எங்கள் ரப்பர் தோட்டம் ஜொகூரின் வடக்கே பெக்கோக்கை அடுத்து இருந்தது. பத்து வயது தாண்டியதும் வேலைக்குப் போனேன். பால் எடுக்க மரம் வெட்டத் தெரியும், ஆனாலும் என்னைச் சீக்கிரமே ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்டோர் என்றால் பால் உறையவைத்து ஷீட் அடிக்கும் ஆலை. அங்கே நான் கற்றுக்கொண்டது இரண்டு விஷயம்தான். பாலை உயரத்திலிருந்து ஊற்றக் கூடாது, ஊற்றினால் குமிழி விழும். குமிழி விழுந்த ஷீட் மூன்றாம் தரத்துக்குப் போய்விடும். மற்றது, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் திட்டும்போது வாயைத் திறக்கக் கூடாது. வாலிப வயது வரை என் படிப்பு இவ்வளவே.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் தொரை ஓடிவிட்டார். ரப்பரை வாங்க ஆளில்லை, ஸ்டோரை மூடிவிட்டார்கள். மரவள்ளியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். தொரையின் பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி வந்து குடியேறினான். எல்லோரும் அவனைத் தாய்ச்சோ என்று கூப்பிட்டோம். அவர்கள் மொழியில் தலைவன் என்று அர்த்தமாம். பங்களாவுக்குப் பின்னால் ஆற்றுப்பக்கம் ஒரு கொட்டகை இருந்தது. தொரை அதில் தன் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சுவது வழக்கம். முளைகட்டி வறுத்த பார்லி மூட்டை மூட்டையாக அங்கே கிடந்தது. கசப்புக்குப் போடும் பூவும் ஈயப்பெட்டிகளில் அடைத்தபடி கிடந்தது. தாய்ச்சோ அதைப் பார்த்துவிட்டான். தொரைக்கு ஒத்தாசையாக இருந்தது யார் என்று விசாரித்து டிரஸ்ஸர் ஐயாவைப் பிடித்தான்.

டிரஸ்ஸர் ஐயா என்றால் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர். சோப்பு கிடைக்காத அந்தக் காலத்திலும் அவருடைய வெள்ளைக் கால்சட்டை வெள்ளையாகவே இருந்தது. சாம்பலில் துவைக்கிறார் என்று பேசிக்கொள்வார்கள். யாரையும் அடிக்க மாட்டார், அதட்ட மாட்டார். கூலிக்காரனைக்கூட 'நீர்' என்றுதான் சொல்வார். ஆனால் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் வழக்கமும் இல்லை, விளக்கிச் சொல்லும் வழக்கமும் இல்லை. கசப்பு மருந்தை நீட்டுவார். "குடியும்" என்பார். அதோடு சரி.

துணைக்கு ஆள் வேண்டும் என்று தாய்ச்சோவிடம் கேட்டு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒன்று நான். மற்றவர் என் அக்கா பாக்கியத்தின் புருஷன் மாரிமுத்து மாமா.

அவர் அக்காவைக் கட்டும் முன்பிருந்தே பெக்கோக் ரயில் ஸ்டேஷன் வாசலில் தேத்தண்ணிக் கடை போட்டிருந்தவர். இரண்டு குவளைகளை வைத்துக்கொண்டு அவர் தேத்தண்ணி ஆற்றுவதை ரயிலில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார்கள். ஒரு கை தலைக்கு மேலே போகும், மற்றது இடுப்புக்குக் கீழே இறங்கும், நடுவில் ஒரு சொட்டுச் சிந்தாது. பாலும் சீனியும் அற்றுப்போன பிறகு கடையை மூடிவிட்டு வீட்டில் இருந்தார். வீட்டில் இருக்கும் ஆம்பளைக்கு அப்போது ஒரே ஒரு பயம்தான். சயாம். முந்தின வருஷம் ரயில் பாதை போட எங்கள் தோட்டத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. பாதை போட்டு முடித்தாகிவிட்டது என்றார்கள். ஆனாலும் ஆள் பிடிப்பது நிற்கவில்லை. தாய்ச்சோவின் பீர்க் கொட்டகையில் வேலை செய்கிறவனை மட்டும் தொட மாட்டார்கள். அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். அதைத் தெரிந்துதான் ஐயா மாமாவைச் சேர்த்துக்கொண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாய்விட்டு ஒரு நாளும் சொன்னதில்லை.

மாமாவுக்கு ஐயா கொடுத்த வேலைதான் எல்லாவற்றுக்கும் மூலம். காய்ச்சிய சாறு ஆறியதும், ஈஸ்ட் போடும் முன், அதற்குக் காற்று ஊட்ட வேண்டும் அல்லவா? ஐயா இரண்டு வாளிகளை எடுத்து மாமா கையில் கொடுத்தார். "மாரிமுத்து, உம்மட தேத்தண்ணி மாதிரி இதை ஆத்தும்" என்றார். மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கடை போனதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வாளி வாளியாக ஆற்றினார்.

"பாத்தியா மாப்ள, எல்லாம் ஒண்ணுதான். ஆத்துனாத்தான் உயிர் வரும்" என்றார் என்னிடம்.

நொதித்து முடிந்த பீரை ஜாடி மாற்றும் வேலை மட்டும் ஐயாவும் நானும் செய்வது. ஆஸ்பத்திரியிலிருந்து சிவப்பு ரப்பர் குழாயைக் கொண்டுவருவார். அதைக் கொதிக்கவைத்து, கொதித்து ஆறிய தண்ணீரை அதற்குள் நிரப்பி, நுனியில் கிடுக்கி போடுவார். வாயால் உறிஞ்சக் கூடாது. ஒரு நுனி மேலே இருக்கும் ஜாடியில் அடிமண்டிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். மற்ற நுனி கீழே இருக்கும் ஜாடியின் தரையைத் தொட வேண்டும். கிடுக்கியைத் தளர்த்தினால் முதலில் வரும் தண்ணீரைத் தகரத்தில் பிடித்துக் கொட்டிவிட்டு, பிறகு பீரை விட வேண்டும். அது அடியிலிருந்து மேலே ஏறும். குழாயின் வாய் எப்போதும் பீருக்குள் முழுகியே இருக்கும். ஐயா ஜாடியின் பக்கத்தில் குனிந்து காதை வைத்துக் கேட்பார். சத்தம் வரக் கூடாது, குமிழி வரக் கூடாது. போத்தலில் அடைக்கும்போது ஒரு தட்டுத் தட்டுவார். நுரை பொங்கிக் கழுத்துக்கு வரும், அந்த நுரையின் மேலேயே தக்கையை அழுத்துவார். உள்ளே காற்றுக்கு இடமே இருக்காது.

அந்த நேரத்தில் மாமாவை ஓரமாக நிற்கச் சொல்லிவிடுவார். "நீர் சும்மா நில்லும். கதைக்க வேண்டாம்." மாமாவும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வெளியே வந்ததும் என்னிடம், "சாமி கும்புடற மாதிரி செய்யறாருடா. யாழ்ப்பாணத்து ஆசாரம்போல" என்று கிண்டலடிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். எனக்கு ஸ்டோர்ப் பழக்கத்தால் பால் மாதிரி இதையும் மெதுவாக விட வேண்டும் என்று பட்டது. அதற்கு மேல் காரணம் அப்போது எனக்கும் தெரியாது.

அந்த வருஷக் கடைசியில் மழைக்காலம் வந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வரப்போகிறான் என்று தாய்ச்சோ ஒரு பெரிய ஜாடிப் பீர் போடச் சொல்லியிருந்தான். பீர் முதிர்ந்து தெளிந்து, போத்தலில் அடைக்கும் பதத்துக்கு வந்துவிட்டது. அன்று காலை ஆறு பெருகியது. சிகாமட் பக்கம் தண்டவாளமே முழுகிவிட்டது என்று சேதி வந்தது. ஐயாவும் நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நடக்க முடியாத நோயாளிகளை முதுகில் சுமந்து ஸ்டோரின் மேல்தளத்துக்குக் கொண்டுபோனோம். கொட்டகையில் மாமா மட்டும் காவலுக்கு இருந்தார். ரப்பர் குழாய் ஆஸ்பத்திரியில் எங்களிடம் இருந்தது.

மழை விட்டு நாங்கள் திரும்பியபோது பங்களாவின் பின்கட்டில் மாமா நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை சேறு. அவருக்குப் பின்னால் போத்தல்கள் வரிசையாக நின்றன.

"கொட்டகைக்குள்ள தண்ணி வந்துருச்சுங்க ஐயா. ஜாடிய ஒத்த ஆளா தூக்க முடியுமா? மொண்டு மொண்டு வாளில ஊத்தி மேல கொண்டாந்துட்டேன். ஒரு சொட்டுகூட விடல."

"போத்தலில எப்படி விட்டீர்?" என்று கேட்டார் ஐயா.

"மொள்ளும்போது நுரையெல்லாம் அடங்கி செத்துப் போச்சுங்க. இப்படியே குடுத்தா அடிப்பானேன்னு நல்லா ஆத்தினேன். பாருங்க, எப்படிப் பொங்கிக்கிட்டு வந்துச்சு!" என்று இரண்டு கைகளையும் மேலும் கீழும் வீசிக் காட்டினார்.

ஐயா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மாமாவைப் பார்த்து, "காய்ச்சல் வரப்போகுது. போய்த் தலையைத் துவட்டும்" என்றார். மாமா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு ஐயா என்னிடம், காற்று என்ன செய்யும் என்பதை முதன்முறையாக விளக்கினார்.

"இண்டைக்கு நாளைக்குக் குடிச்சு முடிச்சால் தப்பிச்சம் தம்பி" என்றார். ஈரக் கால்சட்டையை மாற்றாமல் நேரே தாய்ச்சோவிடம் போனார். வெள்ளத்தில் பீர் ஆட்டம் கண்டுவிட்டது, இன்றே குடித்துவிடுவது நல்லது என்று மலாயில் சொன்னார். தாய்ச்சோ ஒரு போத்தலைத் திறந்து குடித்துப் பார்த்தான். அருமையாக இருந்தது. அவன் ஐயாவின் தோளில் தட்டி, விருந்தாளிக்கு இதுதான், ஒன்றையும் தொடாதே என்று சொல்லி அனுப்பிவிட்டான். மாமா ஆற்றிய பீர் அன்றைக்கு நன்றாக இருந்ததுதான் எங்கள் போதாத காலம்.

அதன் பிறகு நாங்கள் காத்திருந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சூடு பட்டால் சீக்கிரம் கெடும் என்று போத்தல்களைச் சாக்கில் கட்டிக் கிணற்றில் இறக்கினோம். திறந்து ஏதாவது செய்யலாமா என்று கேட்டேன். திறந்தால் இன்னும் காற்றுப் போகும் என்றார் ஐயா. தண்டவாளத்தைச் சரிசெய்து ரயில் ஓடத் தொடங்கிவிட்டதா என்று தினமும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்துவருவேன். சீக்கிரம் வந்து தொலையட்டும் என்று ஒரு ஜப்பான்காரனுக்காக வேண்டிக்கொண்டவன் அந்த ஊரிலேயே நான் ஒருவன்தான்.

மாமாவிடம் சொல்லிவிடலாம் என்றேன். மூவாரில் எங்கள் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், போய் ஒளிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். ஐயா வேண்டாம் என்றார். "ஓடினால் பாக்கியத்தைப் பிடிப்பாங்கள். தெரிஞ்சால் அவற்ற முகமே காட்டிக்கொடுக்கும். நான் செய்ததெண்டு சொல்லுறன். ஆஸ்பத்திரிக்கு வேற ஆளில்லை, என்னை அனுப்பமாட்டான்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இன்றைக்கும் யோசித்தால் அதில் குற்றம் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இன்னும் அதிகமாக வலிக்கிறது. மாமாவோ கூலிக்காரர் வீடுகளுக்கு லயம் லயமாகப் போய் வெள்ளத்தில் பீரைக் காப்பாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

கடைசியில் விருந்தாளி வந்தான். மத்தியானம், பங்களா வராந்தாவில் மேசை போட்டார்கள். போத்தலைத் திறந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பொன்னாக இருந்தது பழுப்பாகியிருந்தது. விருந்தாளி ஒரு வாய் குடித்தான். கண்ணாடிக் குவளையை மெல்லக் கீழே வைத்தான். கோபப்படவில்லை. தேத்தண்ணி இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். அந்த மரியாதைதான் தாய்ச்சோவுக்குச் செருப்படியாகிவிட்டது. தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினான்.

"சியாப்பா புவாட்?" என்று கத்தினான். யார் செய்தது?

ஐயா முன்னால் வந்தார். "சாயா, துவான்" என்றார். நான்தான், எஜமான். தாய்ச்சோ அறைந்த அறையில் ஐயாவின் மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. இரண்டாவது அறைக்கு ஐயா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இன்னும் இரண்டு அறையோடு அது முடிந்திருக்கும்.

சமையலறைக் கதவுப் பக்கம் நின்ற மாமாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நான் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு ஓடினார். "ஐயா இல்ல துவான்! சாயா! சாயா தாரிக்!" என்று கத்திக்கொண்டே போய் நடுவில் நின்றார். ஆற்றியது நான் என்று சொன்னது போதாமல், இரண்டு கைகளையும் மேலும் கீழும் வீசிக் காட்டினார். எது பிழை என்று அவருக்கு அப்போதும் தெரியாது. தான் தொட்ட பீருக்காக இன்னொருவர் அடி வாங்குகிறார் என்பது மட்டும்தான் தெரிந்தது. தாய்ச்சோவுக்கு அந்தக் கைவீச்சுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அடுத்த சயாம் ரயிலில் மாமாவை ஏற்றினார்கள். ஐயா வீங்கிய முகத்தோடு மூன்று முறை தாய்ச்சோவிடம் போய்க் கெஞ்சினார். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டேஷனில், மாமாவின் பழைய கடை இருந்த இடத்துக்கு நேர் எதிரே, சரக்குப் பெட்டியை நிறுத்தியிருந்தார்கள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமா பெட்டி வாசலில் குந்தியிருந்தார். அழவில்லை. அக்காவிடம் பிள்ளைக்கு என்ன பேர் வைக்க வேண்டும் என்று சொன்னார். வண்டி நகரும்போது என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, ஐயாகிட்ட ஒண்ணு கேட்டு வை. குழாயும் இல்ல, தண்ணியும் உள்ள வருது. அப்ப என்னதான் செஞ்சிருக்கணும்? திரும்பி வந்ததும் சொல்லு."

அன்றே ஐயாவிடம் கேட்டேன். அவர் என்னைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளம் வடிந்த பிறகு நாங்கள் இருவரும் அங்கே போகவே இல்லை. சுவரில் சேற்றுக்கோடு இருந்தது. ஜாடி வைத்திருந்த சிமெண்டு மேடையின் பாதி உயரம்கூடத் தண்ணீர் ஏறவில்லை. ஜாடி இருந்த இடத்தில் சேற்றின் சுவடே இல்லை. ஐயா அந்தக் கோட்டின் மேல் கையை வைத்தார்.

"எனக்கு விளக்கம் சொல்லிப் பழக்கமில்லை தம்பி" என்றார். "மருந்தைக் குடி எண்டு சொல்லித்தான் பழக்கம். ஆத்தச் சொன்னன். எப்ப ஆத்தக் கூடாது எண்டு சொல்லேல்லை." பிறகு அவர் அழுததை நான் பார்த்தேன்.

சண்டை முடிந்து சில வருஷம் கழித்து நான் ஜொகூர் பாருவுக்கு வந்தேன். பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் பீர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். குழாய் பிடிக்கத் தெரியும் என்று செய்து காட்டியதைப் பார்த்து வெள்ளைக்கார மேலதிகாரி உடனே எடுத்துக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தேன். என் கீழே வேலை செய்தவர்களிடம் கத்தியிருக்கிறேன், கோபத்தில் கெட்ட வார்த்தையும் பேசியிருக்கிறேன். ஆனால் செய்யாதே என்று சொல்லிவிட்டுக் காரணம் சொல்லாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. அதனால் எனக்கு நல்ல பேர் கிடைத்தது, பதவி உயர்வும் கிடைத்தது. அதையெல்லாம் நினைத்துச் சந்தோஷப்பட என்னால் முடிந்ததே இல்லை.

ஜப்பான்காரன் தோற்ற பிறகு சயாமிலிருந்து உயிர் தப்பியவர்கள் ரயிலில் வரத் தொடங்கினார்கள். எலும்பும் தோலுமாக இறங்குவார்கள். அக்கா மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெக்கோக் ஸ்டேஷனுக்கு வருவாள், நானும் கூடவே போய் நிற்பேன். ஒவ்வொரு பெட்டியாகப் பார்ப்போம். சொல்ல வேண்டியதை வாயில் தயாராக வைத்திருந்தேன். 'ஒண்ணும் செய்திருக்க வேணாம் மாமா. அது அங்கயே பத்திரமாத்தான் இருந்திருக்கும். மூடிய இறுக்கி மூடிட்டு நீங்க மட்டும் மேல வந்திருந்தா போதும்.' கேட்டவர் எந்த ரயிலிலும் வரவில்லை.